ஊரடங்கும் லத்தியும்: தமிழ்நாட்டின் 2020–21 காவல் நடவடிக்கைகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

கொரோனா பரவலைத் தடுக்க, 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் முடக்கம் என்று அறிவித்தார். ஆறு மணி நேரத்துக்குள் 144 உத்தரவும், ஒன்றிய அரசு கையில் எடுத்த 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டமும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. அடியில் 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பால் வாங்கப் போய்ச் செக்போஸ்ட்டில் மாட்டியவருக்கு இந்த மூன்றில் எது தன்மேல் பாய்கிறது என்று தெரியாது. பிடித்த காவலருக்கும் பெரும்பாலும் தெரியாது.

வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னதற்காகத் தமிழ்நாட்டு மக்கள் பெரிதாகக் கோபப்படவில்லை. முதல் இரண்டு வாரம் தெருக்கள் தாமாகவே வெறிச்சோடிக் கிடந்தன. தண்டனை ஸ்டேஷனையும் நீதிமன்றத்தையும் தாண்டி ரோட்டுக்கு வந்தபோதுதான் கசப்பு தொடங்கியது. அது ஏன் ரோட்டுக்கு வந்தது என்பதற்குச் சட்டப் புத்தகத்திலேயே காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ளாமல், 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் சம்பவத்தை 'சில தீய போலீஸ்காரர்களின் செயல்' என்று ஒதுக்கிவிடுவது தவறு.

இருநூறு ரூபாய்ச் சட்டம்

ஊரடங்கை மீறியவர்கள்மேல் பெருவாரியாகப் போடப்பட்டது இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவு: அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை. சாதாரண மீறலுக்கு ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் அபராதம். மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து உண்டானால் 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய். சில நேரம் கூடவே 269 வரும்: உயிருக்கு ஆபத்தான தொற்றைக் கவனக்குறைவால் பரப்புதல், 6 மாதம் வரை. இரண்டும் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள்.

சிக்கல் அடுத்த படியில். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195ஆவது பிரிவுப்படி, 188இன் கீழ் ஒரு வழக்கை நீதிமன்றம் கையில் எடுக்க வேண்டுமானால், உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலே உள்ளவரோ எழுத்துப்பூர்வமாக நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டால் போதாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018 செப்டம்பரிலேயே, கரூர் மாவட்ட வழக்கு ஒன்றில் (ஜீவானந்தம் வழக்கு), 172 முதல் 188 வரையிலான பிரிவுகளில் போலீஸ் எஃப்ஐஆர் போடக் கூடாது என்று தெளிவாகச் சொல்லி வழிகாட்டுதல்களும் தந்திருந்தது. ஊரடங்கு வந்தது அதற்கு ஒன்றரை ஆண்டு கழித்து.

ஆக, லட்சக்கணக்கில் எஃப்ஐஆர் குவிந்தது; அதில் தண்டனை வரை போகக்கூடியது மிகச் சொற்பம். இது மேலிருந்து கீழ் வரை எல்லோருக்கும் தெரியும். 200 ரூபாய் அபராதத்துக்காக, மூடிக்கிடக்கும் நீதிமன்றத்தில், மாவட்ட ஆட்சியரின் புகாரோடு ஒரு வழக்கை நடத்த யாருக்கும் நேரமில்லை. ஆனால் 'கூட்டத்தைக் கட்டுப்படுத்து' என்ற உத்தரவு தினமும் வயர்லெஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. நீதிமன்றம் கொடுக்க முடியாத தண்டனையை அங்கேயே கொடுத்துவிடும் பழக்கம் இந்த இடைவெளியில்தான் வேர்விட்டது. வண்டியைப் பிடிப்பது, தோப்புக்கரணம் போட வைப்பது, முட்டிக்குக் கீழே இரண்டு போடுவது, வீடியோ எடுத்துப் பரப்புவது. இவற்றில் முதலாவதற்கு மட்டுமே சட்டத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு பிடிமானம் உண்டு. மற்ற மூன்றுக்கும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

வண்டியைப் பிடித்தால் என்ன ஆகும்

வண்டி பறிமுதலுக்குச் சொல்லப்பட்டது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆவது பிரிவு. குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகப்படும் பொருளைக் காவல் அதிகாரி கைப்பற்றலாம். கைப்பற்றினால் உடனே நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் 451 அல்லது 457ஆவது பிரிவில் மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம். காகிதத்தில் இது ஒழுங்கான வழி. 2020 ஏப்ரலில் நீதிமன்றங்கள் அவசர வழக்குகளை மட்டும் எடுத்தன, வக்கீல் வெளியே வர முடியாது, மனுப் போடப் போவதற்கே வண்டி இல்லை.

செக்போஸ்ட்டில் நடந்தது பெரும்பாலும் இப்படி: "எங்க போற?" "மாத்திரை வாங்க சார், அம்மாவுக்குச் சுகர்." "சீட்டு எங்க?" "பழைய சீட்டு வீட்ல இருக்கு சார்." சாவி கைமாறும். வண்டி எண்ணும் பெயரும் ஒரு நோட்டில் ஏறும். கைப்பற்றியதற்கான ரசீது பலருக்குத் தரப்படவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்களும் குறைவு. ரசீது இல்லாவிட்டால், எந்த ஸ்டேஷன் எல்லையில் எந்த எஃப்ஐஆர் எண்ணில் வண்டி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி அலைச்சல். சாலையின் ஒரு பக்கம் ஒரு ஸ்டேஷன், மறுபக்கம் இன்னொன்று என்ற எல்லைத் தகராறு சென்னையில் சகஜம்.

பிடித்த வண்டிகள் ஸ்டேஷன் வளாகத்திலும், இடம் போதாமல் பக்கத்து மைதானங்களிலும் நெருக்கி நிறுத்தப்பட்டன. வெயிலில் மூன்று வாரம் நின்ற இருசக்கர வாகனத்தின் பேட்டரி இறங்கிவிடும். டயரில் காற்று போய் ரிம்மில் நிற்கும். அப்படியே நகர்த்தினால் டியூப் கிழியும். பெட்ரோல் இருக்கும் என்று நம்ப முடியாது. ஏப்ரல் 17 முதல் வண்டிகளைப் படிப்படியாகத் திருப்பித் தரக் காவல்துறைத் தலைமை உத்தரவிட்டது. ஆர்சி புத்தகம், ஓட்டுநர் உரிமம், அடையாள அட்டை ஆகியவற்றோடு, வண்டி பிடிபட்ட தேதி வரிசைப்படி வரச் சொன்னார்கள். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகள்தான் இங்கே அதிகம் அடிபட்டார்கள். ஆர்சி முதல் உரிமையாளர் பெயரில் இருக்கும். அவர் வேறு மாவட்டத்தில் இருப்பார். அவர் வர, மாவட்டம் தாண்டுவதற்கான அனுமதிச் சீட்டான இ-பாஸ் வேண்டும்.

200 ரூபாய் அபராதம் உள்ள குற்றத்துக்கு, 40,000 ரூபாய் வண்டியை ஒரு மாதம் இழப்பதும் அதனால் வேலையை இழப்பதும் தண்டனையாக வந்து சேர்ந்தன. எந்த நீதிபதியும் விதிக்காத தண்டனை இது.

கடிகாரம் கூட்டிய கூட்டம்

கடை நேரம் மாறிக்கொண்டே இருந்தது. மார்ச் 29 முதல் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை. ஏப்ரல் 5 முதல் அது பிற்பகல் 1 மணியாகச் சுருங்கியது. நேரம் குறையக் குறைய, அதே எண்ணிக்கை மக்கள் குறைந்த மணி நேரத்துக்குள் கடைக்கு வருவார்கள். கடைசி அரை மணி நேரம்தான் லத்தி அதிகம் சுழன்ற நேரம்; 12.50க்குக் கடையில் நின்றவர் 1.10க்கு வீடு திரும்பும் வழியில் குற்றவாளி ஆனார். வாங்குவதற்கு நேரம் சொன்ன அரசாணைகள், வீடு திரும்புவதற்கு நேரம் சொல்லவில்லை.

இதன் உச்சம் ஏப்ரல் 25. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரை நான்கு நாள், சேலம், திருப்பூரில் 28 வரை மூன்று நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். மளிகைக் கடையும் கிடையாது. இடையில் இருந்தது ஒரே சனிக்கிழமை. அன்று கடைகளுக்கு 3 மணி வரை நேரம் நீட்டித்தும், கடைத்தெருக்களில் நிற்க இடமில்லை. ஒரு மாதமாகக் கட்டிக்காத்த இடைவெளி ஒரு காலையில் போனது. கோயம்பேடு சந்தையிலிருந்து பரவிய தொற்று அடுத்தடுத்த நாள்களில் வெளிச்சத்துக்கு வந்து, மே 5இல் சந்தையே மூடப்பட்டது. மே 7இல் சென்னை தவிர்த்த இடங்களில் டாஸ்மாக் கடைகள் திறந்தன. ஒரே நாளில் சுமார் 170 கோடி ரூபாய் விற்பனை. வரிசையை ஒழுங்குபடுத்தப் பந்தல், தடுப்புக் கட்டை, டோக்கன், பாதுகாப்புக்குப் போலீஸ். மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, 16இல் மீண்டும் திறந்தார்கள்.

முந்தின வாரம் காய்கறி வாங்கப் போனவனைத் துரத்திய அதே காவலர், அந்த வாரம் மதுக்கடை வரிசைக்குக் காவல் நின்றார். அவர் விரும்பி நிற்கவில்லை, பணி. ஆனால் பார்த்தவர்கள் மனதில் ஊரடங்கின்மீது இருந்த மரியாதை அன்றைக்குப் பெரிய அளவில் இறங்கியது. விதி நோய்க்காகவா, வருமானத்துக்காகவா என்ற கேள்வி டீக்கடை இல்லாத காலத்திலும் ஊர் முழுக்கச் சுற்றியது.

இ-பாஸ்

அப்போது மாவட்டம் விட்டு மாவட்டம் போக இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. திருமணம், நெருங்கிய உறவினர் இறப்பு, அவசர மருத்துவம், வெளியூரில் சிக்கிக்கொண்டவர் திரும்புதல் போன்ற காரணங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இணைக்க வேண்டியிருந்தது: திருமணப் பத்திரிகை, மருத்துவர் கடிதம், இறப்புச் சான்று. வண்டி எண், பயணிப்போர் பெயர், அடையாள எண் எல்லாம் ஏற வேண்டியிருந்தது.

உடைந்தது இறப்பில்தான். காலையில் இறந்தவருக்கு மாலையே அடக்கம். வீட்டில் இறந்தவருக்கு அன்றே சான்றிதழ் கிடைக்காது. சான்று இல்லாமல் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், சான்று வந்து பாஸ் கிடைக்கும்போது பால் தெளிப்பே முடிந்திருக்கும். அப்பாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, மாவட்ட எல்லைச் செக்போஸ்ட்டிலிருந்து திரும்பிய பிள்ளைகள் ஏராளம். நேர்மையாகக் காரணம் எழுதியவருக்கு மறுப்பு, தரகரிடம் பணம் கொடுத்தவருக்கு சில மணி நேரத்தில் பாஸ் என்று ஆனபின் ஒரு விதி நிற்காது. பணம் வாங்கிப் பாஸ் ஏற்பாடு செய்த இடைத்தரகர்கள் கைதானார்கள். ஆகஸ்ட் 17 முதல், ஆதார் அல்லது குடும்ப அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் தந்தால் உடனடி அனுமதி என்று மாற்றினார்கள். எல்லோருக்கும் கிடைக்கும் அனுமதி எதையும் தடுக்காது. மாநிலங்களுக்குள் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று ஒன்றிய உள்துறையும் அழுத்தியபின், செப்டம்பர் 1 முதல் அது எடுக்கப்பட்டது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப் பகுதிகளுக்கு மட்டும் தொடர்ந்தது.

வீடியோவில் சிரிப்பு

ட்ரோனைப் பார்த்து ஓடும் இளைஞர்கள், பின்னணியில் சினிமாப் பாட்டு. கேரம் விளையாடியவர்கள் போர்டுக்குள் தலையை மறைத்துக்கொள்ளும் காட்சி. கொரோனா நோயாளி என்று நடித்த ஒருவரோடு ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டு அலறும் பையன்கள். காவல்துறையே இவற்றைத் தயாரித்து வெளியிட்டது. மாநிலம் முழுக்கச் சிரித்தோம். ஒவ்வொன்றிலும் முகம் தெரிகிற ஒரு ஆள் இருந்தார். அவர் குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ரோட்டில் தோப்புக்கரணம் போட வைப்பதைப் பார்த்துச் சிரித்துப் பழகிய கண்ணுக்கு, அடுத்த படியாக லத்தி சுழல்வதும் 'அவனுக்கு வேணும்' என்றே தெரிந்தது. சாத்தான்குளம் நடந்த ஜூன் 19க்கு முன்பு, போலீஸ் அடிக்கும் வீடியோக்களுக்குக் கீழே பொதுமக்கள் எழுதிய பாராட்டுகளை இப்போது எடுத்துப் படித்தால் உடம்பு கூசும்.

மறுபக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு 'வீட்டுக்குப் போங்க' என்று கெஞ்சிய போக்குவரத்துக் காவலர்கள் இருந்தார்கள். சொந்தக் காசில் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். கோடை வெயிலில் கழிப்பறை வசதிகூட இல்லாத செக்போஸ்ட்டுகளில் பெண் காவலர்கள் நின்றார்கள். 2020 ஜூன் 17 அன்று சென்னை மாம்பலம் காவல் ஆய்வாளர் பாலமுரளி கொரோனாவால் இறந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்து வந்ததுதான் சாத்தான்குளம்.

சாத்தான்குளம்: நான்கு கதவுகள்

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர்கள் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும். அந்த நாள்களில் அங்கே கடைகளுக்கு இரவு 8 மணி வரை அனுமதி. நேரம் கடந்தும் கடை திறந்திருந்தது, போலீஸைத் திட்டினார்கள், தரையில் உருண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்பது எஃப்ஐஆர் சொன்ன கதை. சிபிஐ விசாரணைப்படி, ஜூன் 19 இரவு 7.30 மணியளவில் ஜெயராஜ் காமராஜர் சிலைப் பகுதியில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்டார். கேட்கப் போன பென்னிக்ஸும் உள்ளே வைக்கப்பட்டார். கடையருகே பதிவான கேமராக் காட்சியில் எஃப்ஐஆர் சொன்ன தகராறு இல்லை.

போட்ட பிரிவுகள்: 188, 269, 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 353, 506(2) (கொலை மிரட்டல்). முதல் இரண்டும் ஊரடங்குப் பிரிவுகள். இவை மட்டும் இருந்தால் ஸ்டேஷன் ஜாமீனில் விட்டே ஆக வேண்டும். 353, அதாவது அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தாக்குதல், ஜாமீனில் விட முடியாதது. ஊரடங்குத் தகராறு ஒன்றை ரிமாண்டாக, அதாவது நீதிமன்றக் காவலாக மாற்ற அந்த ஒரு பிரிவு போதும். ஊரடங்கு வழக்குகளில் இந்தச் சேர்க்கை எங்கே வந்தாலும் கூர்ந்து பார்க்க வேண்டியது இதனால்தான். அப்படியும்கூட, ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, விசாரணைக்கு வரச் சொல்லும் 41ஏ நோட்டீஸ் தந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லியிருந்தது. தொற்று காரணமாகச் சிறைகளில் நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2020 மார்ச் 23இல் உத்தரவிட்டிருந்தது. நோய் பரவாமல் தடுக்கப் பிடித்தவர்களை, நோய் பரவும் என்று ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த சிறைக்கு அனுப்பினார்கள்.

கைதான ஒருவர் சிறைக்குப் போகும் முன் நான்கு கதவுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அவரைக் காப்பாற்றும் பொறுப்பு ஒருவருக்கு உண்டு. முதலாவது காவல் நிலையம். அன்றிரவு முழுக்க இருவரும் அடிக்கப்பட்டார்கள் என்று அந்த நிலையத்திலேயே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி பின்னர் வாக்குமூலம் தந்தார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் சொன்னார். கைது விவரத்தைக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும், சாட்சியோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும் என்ற டி.கே. பாசு வழக்கின் விதிகள் 1997இலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் தொங்குகின்றன.

இரண்டாவது அரசு மருத்துவமனை. ஜூன் 20 காலை இருவரும் சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, சிறைக்கு அனுப்பத் தகுதி என்று சான்று பெறப்பட்டது. ஃபிட்னஸ் சர்டிபிகேட் என்று ஸ்டேஷன் பேச்சில் சொல்லும் இந்தக் காகிதம், சட்டப்படி உடம்பில் உள்ள ஒவ்வொரு காயத்தையும், அது ஏற்பட்ட உத்தேச நேரத்தையும் எழுத வேண்டிய பரிசோதனை அறிக்கை. அதன் நகலைக் கைதானவருக்குத் தர வேண்டும். பரிசோதனையின்போது போலீஸ் அறைக்குள்ளேயே நின்றால், காயம் எங்கே என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் போலீஸ் அறைக்குள்தான் நிற்கிறது.

மூன்றாவது நடுவர். ரிமாண்ட் என்பது முத்திரை குத்தும் வேலை அன்று. ஆளை நேரில் பார்த்து, போலீஸ் அடித்தார்களா என்று கேட்டு, கைது தேவையா என்று மனதைச் செலுத்திப் பார்த்த பிறகே சிறைக்கு அனுப்ப வேண்டும். அன்று நடுவர் தொற்று அச்சத்தில் தொலைவில் நின்றே கையசைத்து அனுப்பிவிட்டார் என்று குடும்பத்தின் தரப்பு குற்றஞ்சாட்டியது. தனிமனித இடைவெளி இந்த ஒரு இடத்தில் உயிரை எடுக்கும் இடைவெளியாக ஆகக்கூடும் என்பதை ஊரடங்கு நெறிமுறைகளை எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

நான்காவது சிறை. சாத்தான்குளத்திலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு இருவரும் கொண்டுபோகப்பட்டார்கள். வழியில் அருகிலேயே வேறு சிறைகள் இருந்தன. குடும்பமும் வக்கீலும் எட்டிப் பார்க்க முடியாத தூரம். அதுவும் பஸ் ஓடாத காலத்தில். ஜூன் 22 இரவு பென்னிக்ஸ் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார். 23 அதிகாலை ஜெயராஜ் இறந்தார். உடல்நலக் குறைவு என்றே முதலில் அரசுத் தரப்பு பேசியது.

ஜூன் 24இல் மதுரைக் கிளை நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் மரணங்களில் 176(1ஏ) பிரிவுப்படி கட்டாயமான நீதித்துறை விசாரணைக்காக, கோவில்பட்டி நடுவர் எம்.எஸ். பாரதிதாசன் 28ஆம் தேதி அந்த ஸ்டேஷனுக்குப் போனார். ஆவணம் தர மறுப்பு, உடல்மொழியில் மிரட்டல், காவலர் ஒருவர் ஒருமையில் பேசிய அவமதிப்பு எல்லாம் அவர் அறிக்கையில் இருக்கின்றன. கேமராப் பதிவைக் கேட்டபோது தெரிய வந்தது, இதில் மிக முக்கியமானது: வன்தட்டில் 1 டெராபைட் இடம் இருந்தும், பதிவு அன்றாடம் தானாக அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி இரவு அதில் இல்லை. சாட்சியங்கள் அழியாமல் காக்க, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த மாநிலத்தில் அதற்கு முன் கேள்விப்படாத உத்தரவு. சிபிஐ வரும்வரை காத்திராமல் மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடி உடனே விசாரிக்கட்டும் என்றும் சொன்னது. ஜூலை முதல் நாள் இரவே கைதுகள் தொடங்கின. பத்துப் பேர் கைதாகி, அதில் ஒரு சிறப்பு உதவி ஆய்வாளர் ஆகஸ்டில் கொரோனாவால் இறந்தார். மீதி ஒன்பது பேர்மேல் செப்டம்பர் 26இல் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மதுரையில் நடந்த விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது.

ரேவதி பேசியிராவிட்டால் இந்த வழக்கு எஃப்ஐஆரில் உள்ள கதையோடு முடிந்திருக்கும். தன் சக காவலர்கள் வெளியே நிற்க, அச்சத்தோடு அவர் தந்த வாக்குமூலமும் ஒரு போலீஸ்காரர் செய்ததுதான். ஊரடங்குக் காலத்தில் தமிழ்நாட்டுக் காவல்துறையின் மானத்தைக் காப்பாற்றியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

அதன்பின் மாறியதும் மாறாததும்

சாத்தான்குளம் தாக்குதலில், காவல்துறைக்கு உதவும் தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு என்ற புகார் எழுந்ததால், 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பை 2020 ஜூலையில் அரசு தடை செய்தது. செப்டம்பரில், 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி உடனடி அபராத முறை வந்தது: முகக்கவசம் இல்லையென்றால் 200, பொது இடத்தில் துப்பினால் 500, இடைவெளி மீறினால் 500, நெறிமுறை மீறும் கடைகளுக்கு 5,000 ரூபாய். 2022 ஜனவரியில் முகக்கவச அபராதம் 500 ஆனது. இதை அப்போது பலர் வசூல் வேட்டை என்று திட்டினார்கள். தனியாகக் காரில் போகிறவரை நிறுத்தியது, மூக்குக்குக் கீழே இறங்கியதற்குச் சீட்டுக் கிழித்தது போன்றவற்றில் அந்தத் திட்டில் நியாயம் இருந்தது. ஆனாலும் தொகை எழுதிய சட்டமும், ரசீதும் உள்ள அபராதம் லத்தியைவிட ஆயிரம் மடங்கு மேல். முதல் நாளே, மார்ச் 2020இலேயே, இது வந்திருந்தால் லட்சக்கணக்கான 188 எஃப்ஐஆர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

2021 பிப்ரவரி 19இல், வன்முறை, போலி இ-பாஸ், காவலரைப் பணிசெய்யவிடாமல் தடுத்தது போன்றவை தவிர்த்து, சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அறிவிப்பு மேடையில் முடிந்துவிடும். காகித வேலை தனி. எஃப்ஐஆர் நிலையிலேயே நின்ற வழக்கை 'மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று ஸ்டேஷன் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். குற்றப்பத்திரிகை போயிருந்தால், அரசு வழக்கறிஞர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆவது பிரிவில் மனுச் செய்து நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். இரண்டும் நடக்காமல் பதிவேட்டில் தொங்கும் எஃப்ஐஆர், பாஸ்போர்ட் விசாரணையிலும் அரசு வேலைக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பிலும் தலைகாட்டும். 2020இல் வண்டி பிடிபட்ட எவரும், வழக்கு எண்ணைக் கேட்டு முடித்துவைத்த உத்தரவின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

2021 இரண்டாம் அலையில் அரசு சில பாடங்களைக் கற்றிருந்தது. மே 24இல் தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கும் முன் இரண்டு நாள் கடைகளைத் திறந்துவிட்டது, ஊருக்குப் போகப் பேருந்து ஓட்டியது, காய்கறியை வண்டியில் தெருவுக்கே அனுப்பியது, அரிசி அட்டைக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகத் தந்தது. பசி குறைந்தால் மீறல் குறையும், மீறல் குறைந்தால் போலீஸுக்கு வேலை குறையும் என்ற எளிய கணக்கு. ஆனால் ஜூன் 14 முதல் 27 மாவட்டங்களில் டாஸ்மாக் திறந்து, சேலம், கோவை, ஈரோடு உள்ளிட்ட 11 மாவட்டங்களில் மூடியே வைத்தபோது, மாவட்ட எல்லைச் செக்போஸ்ட்டுகளில் கூட்டமும் உரசலும் தாமாக வந்தன. ஜூன் 22 அன்று சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி செக்போஸ்ட்டில், பக்கத்து மாவட்டம் போய்விட்டுத் திரும்பிய கடைக்காரர் ஒருவரை நடுரோட்டில் லத்தியால் அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். அடித்த சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். சாத்தான்குளம் நடந்து சரியாக ஓராண்டு.

ஊரடங்கு மறுபடி வந்தால் பிடித்துக்கொள்ள வேண்டியவை

2024 ஜூலை 1 முதல் சட்டங்கள் மாறிவிட்டன. பழைய 188 இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 223. தண்டனை கூடியிருக்கிறது: சாதாரண மீறலுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய்; ஆபத்து உண்டாக்கினால் ஓராண்டு அல்லது 5,000. நீதிமன்றம் எடுக்க அதிகாரியின் எழுத்துப் புகார் வேண்டும் என்ற நிபந்தனை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆவது பிரிவில் அப்படியே இருக்கிறது. பழைய 353 இப்போது நியாய சன்ஹிதாவின் 132. தடை உத்தரவு மீறல் வழக்கில் 223ஓடு 132 சேர்ந்திருந்தால், அன்றே வக்கீலைப் பார்க்க வேண்டும்.

வண்டியைப் பிடித்தால் சண்டை போடாமல் மூன்றைக் கேட்க வேண்டும்: கைப்பற்றியதற்கான ரசீது, எந்தக் காவல் நிலையம், என்ன வழக்கு எண். மீட்பு மனு இப்போது நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503ஆவது பிரிவில். சாவி தரும் முன் எரிபொருள் அளவு, ஓடிய கிலோமீட்டர், வண்டியின் நாலு பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்துவிட்டால் பின்னால் வாய்ப்பேச்சுக்கு இடமிருக்காது.

ஆளைக் கொண்டுபோனால் நேரம்தான் முக்கியம். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த ஒரு நாளில்தான் எல்லாமே நடக்கிறது. கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அண்மை ஆண்டுகளில் பலமுறை அடித்துச் சொல்லியிருக்கிறது. கைதுக் குறிப்பில் குடும்பத்தில் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டில் நேரம் இருக்கும், அது பின்னால் பெரிய சான்றாகும். நடுவர் முன் போகிறவருக்குக் குடும்பம் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றே ஒன்று: அடித்திருந்தால் அங்கேயே, போலீஸ் பக்கத்தில் நின்றாலும், வாய்விட்டுச் சொல். நடுவர் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண் எல்லா மாவட்டத்துக்கும் பொது. மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும்.

பிறகு கேமரா. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, பதிவை 18 மாதம், அது இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2இல் உத்தரவிட்டது. லாக்கப், வராந்தா, வரவேற்பு, உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி எல்லாமே அதில் அடக்கம். உத்தரவு இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்தால் பதிவு போய்விடலாம். ஆளைக் கொண்டுபோன மறுநாளே, தேதியும் நேரமும் குறிப்பிட்டு, இந்த மணியிலிருந்து இந்த மணி வரை உள்ள பதிவைப் பாதுகாக்கும்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் மனு அனுப்பி, அதன் நகலை நடுவர் நீதிமன்றத்திலும் கொடுத்து வைக்க வேண்டும்.